உடைந்த அட்டமைசரை வீட்டில் கிடைப்பதை வைத்து ஓட்டுவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்துத்தான் இந்தச் சாமான்கள் உடையும். என்னுடைய அட்டமைசர், அதாவது வேப்பில் (மின்சிகரெட்டில்) ஜூஸ் என்கிற திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் தலைப்பகுதி, சமையலறை மேடையிலிருந்து கை தவறி டைல் தரையில் விழுந்தது, ஜூஸ் நிற்கும் டேங்கின் கண்ணாடி மூன்று துண்டு. லண்டனில் எங்கள் தெருவிலிருக்கும் வேப் கடை ஞாயிறு என்றால் 5 மணிக்கே ஷட்டரை இறக்கிவிடும். அறை நண்பன் எட்டிப் பார்த்து, "மச்சி, பேசாம புதுசு ஆர்டர் போட்டுடு, நாற்பது பவுண்டுதானே" என்றான், அவன் காசா போகிறது. அன்று ராத்திரி ஒரு மருந்துச் சிரிஞ்சை வெட்டிக் கண்ணாடி இருந்த இடத்தில் மாட்டினேன். புதுக் கண்ணாடி தபாலில் வரும் வரை அதிலேயே 11 நாள் ஓடியது.

அதற்கப்புறம் நண்பர்கள் ஆளாளுக்குப் பழுதான டேங்கைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். ஏற்கெனவே தானே காயில் (சூடேறும் கம்பிச் சுருள்) கட்டி, பஞ்சு போட்டு ஓட்டும் அட்டமைசர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இது. இதுவரை புகைக்காதவர் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம், நிகோடினுக்குப் பிடித்த ஆளை விடத் தெரியாது. இன்னொன்று, ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். இந்தியாவில் 2019 சட்டப்படி இறக்குமதி, விற்பனை, இருப்பு வைத்தல் எல்லாமே குற்றம். சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம்.

முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்

அட்டமைசரில் சூடு படும் பக்கம் ஒன்று, படாத பக்கம் ஒன்று. காயில், திரி, காயிலைப் பிடிக்கும் திருகு, பேட்டரியைத் தொடும் நடு பின்னைச் சுற்றியிருக்கும் இன்சுலேட்டர் எல்லாம் சூட்டுப் பக்கம். கண்ணாடி, கசிவை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், வாயில் வைக்கும் டிரிப் டிப், காற்று வளையம் எல்லாம் மறுபக்கம். சூடு படாத பக்கத்தில் கற்பனைக்கு ஏற்ற மாதிரி விளையாடலாம், தப்பினால் ஜூஸ் ஒழுகும், துடைத்துக்கொள்ளலாம். சூட்டுப் பக்கத்தில் தப்பினால் அது நுரையீரலுக்கோ பேட்டரிக்கோ போய்ச் சேரும். கம்பி இல்லையென்றால் கடை திறக்கும் வரை காத்திருங்கள், அதற்கு மாற்று கிடையாது.

கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு நண்பன் சார்ஜர் ஒயரை உரித்துச் செம்புக் கம்பியில் காயில் சுற்றலாமா என்று கேட்டான். 0.4 மி.மீ. காந்தல் (Kanthal, காயிலுக்கு வழக்கமாகப் போடும் உலோகக் கலவை) கம்பிக்கு மீட்டருக்கு 11 ஓம் போல எதிர்ப்பு உண்டு. அதே தடிமன் செம்புக்கு மீட்டருக்கு 0.13 ஓம்தான். காயிலுக்கு வேண்டிய 7 செ.மீ. எடுத்தால் 0.01 ஓம்கூட வராது, அதாவது பேட்டரியின் இரண்டு முனையையும் நேராகச் சேர்த்த மாதிரி. நல்ல மாட் (அட்டமைசரை முறுக்கும் பேட்டரிப் பெட்டி) என்றால் ஷார்ட் என்று காட்டி நிறுத்திவிடும், உள்ளே சர்க்யூட்டே இல்லாத மெக்கானிக்கல் மாட் என்றால் நிறுத்த ஆளில்லை. கட்டுக்கம்பியும் ஆகாது, அதன் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கலாம், சூடேறினால் அந்தப் புகைதான் உள்ளே போகும். கிடார் கம்பி, பழைய டோஸ்டர் கம்பி எல்லாமே என்ன உலோகம் என்று தெரியாத சரக்கு.

பெயர்கள்

மேலிருந்து கீழே வருவோம். வாயில் வைக்கும் முனை டிரிப் டிப். அதற்குக் கீழே டாப் கேப், கண்ணாடி, கண்ணாடிக்கு நடுவில் ஆவி ஏறிவரும் சிம்னி. சிம்னிக்கு அடியில் மூடி மாதிரி ஓர் அறை, அந்த அறைக்குள் டெக். டெக்கில் நிற்கும் தூண்கள்தான் போஸ்ட், அதில் காயில். காயிலுக்குள் பஞ்சுத் திரி. வெளியே காற்று வளையம், கடைசியில் பேட்டரிப் பெட்டியில் முறுக்கும் 510 திருகு. 510 என்பது ஜாய்டெக் நிறுவனத்தின் ஒரு பழைய மாடலின் எண், அந்த மாடல் எப்போதோ போய்விட்டது, அதன் திருகு அளவு மட்டும் தங்கிவிட்டது: 7 மி.மீ. விட்டம், 0.5 மி.மீ. புரி.

டேங்க் உள்ளதும், மேலிருந்து சொட்டுவிடும் டேங்க் இல்லாததும் இங்கிலீஷில் RTA, RDA என்று ஓர் எழுத்து வித்தியாசத்தில் வரும், தமிழில் எழுதினால் இரண்டுமே ஆர்.டி.ஏ.தான். அதனால் நான் டேங்க், டிரிப்பர் என்றே எழுதுகிறேன். இங்கே பெரும்பாலும் டேங்க் பற்றித்தான், டிரிப்பரில் உடைவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

கழற்றுவது

மாட் பெட்டியை ஆஃப் செய்து, அட்டமைசரைத் தனியே எடுத்துவிடுங்கள். வாஷ்பேசின் மேல் நின்றுகொண்டு கழற்றாதீர்கள். 2 மி.மீ. திருகு வடிகாலுக்குள் போனால் போனதுதான், இந்தப் பாடத்துக்கு நான் ஒரு திருகைக் கொடுத்திருக்கிறேன். வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையில் வையுங்கள், இடையிடையே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முறுகிப்போய்த் திறக்கவில்லையா, கட்டிங் பிளேயரைத் தொடாதீர்கள். வெந்நீரில் 5 நிமிஷம் போட்டுவிட்டு, சமையலறை ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு திருகினால் வந்துவிடும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, வெந்நீர், பழைய பல் துலக்கி. நன்றாகக் காய விடுங்கள்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். காயில் சுற்ற 2.5 அல்லது 3 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பக்கம் போதும். கம்பியைப் போஸ்ட்டோடு ஒட்ட வெட்ட நகவெட்டியைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. திரியை உள்ளே தள்ளப் பல்குத்தி. காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்றே ஒன்று மல்டிமீட்டர், மலிவானதே போதும். வெர்னியர் காலிபர் இருந்தால் இன்னும் நல்லது.

ஒழுகினால்

என்னிடம் வரும் டேங்குகளில் பாதிக்கு மேல் இதுதான். ஆள் வந்து "அடியில ஒழுகுது" என்பார், அடி ஓ-ரிங்கை ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியிருப்பார், ஒழுகல் மட்டும் நிற்காது. ஏன் என்று புரிய நம் ஊர் கேன் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் கேனைக் கவிழ்த்து டிஸ்பென்சரில் வைத்தால் தண்ணீர் ஏன் கொட்டுவதில்லை? மேலே காற்று புக வழியில்லை, அதனால். கேனின் மேல்பக்கத்தில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், காலையில் எழுந்து பார்த்தால் ஹால் முழுக்கத் தண்ணீர். விரிசல் மேலே, வெள்ளம் கீழே.

டேங்கும் அச்சு அசல் அதேதான். ஜூஸ் வெளியேற ஒரே வழி திரி இருக்கும் வாய்க்கால், காற்று உள்ளே வரவும் அதே வாய்க்கால்தான். இழுக்கும்போது திரிப் பக்கத்திலிருந்து குமிழி ஏறுவதைக் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள், அது ஆரோக்கியம். மேல் மூடியின் ஓ-ரிங்கோ, கண்ணாடியின் மேல் விளிம்பு வளையமோ தளர்ந்துவிட்டால் காற்று மேலேயே புகுந்துவிடும், ஜூஸ் மொத்தமும் டெக்கில் இறங்கிக் காற்றுத் துளை வழியாக வெளியே வரும். ஆகவே காற்றுத் துளையில் ஒழுகினால் முதலில் மேலே பாருங்கள். கண்ணாடியின் அடி விளிம்பில் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் மட்டும் அடி ஓ-ரிங். இரண்டுமே சரியாக இருந்தும் ஒழுகினால் திரியில் பஞ்சு குறைவு.

சோதிப்பது சுலபம். பாதி ஜூஸ் ஊற்றி மூடி, டிஷ்யூ தாளில் 10 நிமிஷம் நிமிர்த்தி வையுங்கள், அப்புறம் 10 நிமிஷம் கவிழ்த்து வையுங்கள். எங்கே நனைந்திருக்கிறது என்று பாருங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டாம், அது நீர்த்தது, நல்ல டேங்கிலும் கசியும்.

ஓ-ரிங்குக்கு மாற்று

பழையது அறுந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், தடிமன் அளக்க அதுதான் ஆதாரம். பெரும்பாலும் 1 மி.மீ. தடிமன் இருக்கும். உள்விட்டத்துக்கு, வளையம் உட்காரும் பள்ளத்தை அளந்து அதைவிட ஒரு துளி சிறியதாக எடுங்கள், கொஞ்சம் இழுபட்டு உட்கார்ந்தால்தான் பிடிக்கும். ஹார்டுவேர் கடையில் குழாய் வேலைக்கு விற்கும் கலவை டப்பாவில் கறுப்பு நைட்ரைல் வளையங்கள் வரும், அவை தாங்கும், முதல் இரண்டு நாள் லேசாக ரப்பர் வாசம் வரும். வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்தால் குறையும். சிலிக்கோன் கிடைத்தால் அதுவே மேல்.

எதுவும் கிடைக்காத ராத்திரிக்கு மூன்று வழி. மீன் தொட்டிக்குக் காற்று விடும் சிலிக்கோன் குழாய் 4 மி.மீ. உள்விட்டம், 6 மி.மீ. வெளிவிட்டம் இருக்கும். அதைப் புது பிளேடால் 1 மி.மீ. துண்டாக நறுக்கினால் சின்ன வளையம் தயார், டிரிப் டிப்பில் இழுத்து மாட்டலாம். நறுக்கும்போது குழாய்க்குள் உள்விட்டத்துக்குப் பொருந்தும் ஒரு குச்சியைச் செருகிக்கொள்ளுங்கள், நசுங்காமல் நேராக வெட்டும். இரண்டாவது, கேக் சுடும் சிலிக்கோன் விரிப்பு. கண்ணாடியின் மேலும் கீழும் தட்டையான வளையம் உட்காரும் மாடல் என்றால், கண்ணாடியையே விரிப்பில் வைத்துப் பேனாவால் உள்ளும் புறமும் கோடு போட்டு வெட்டிக்கொள்ளலாம். மூன்றாவது, குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப். ஆடுகிற டிரிப் டிப்புக்கு இரண்டு சுற்று போதும். டேப் சூட்டுப் பக்கம் போகவே கூடாது, 260 டிகிரியைத் தாண்டினால் டெஃப்லான் சிதைய ஆரம்பிக்கும், சிவந்து எரியும் காயில் 600 டிகிரிக்கு மேலே.

வளையத்தை மாட்டுமுன் ஒரு சொட்டு ஜூஸ் தடவுங்கள், வழுக்கிக்கொண்டு உட்காரும். வாசலின், தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதுவும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போக வேண்டிய பொருளில்லை.

கண்ணாடிக்கு மாற்று

இப்போது சிரிஞ்சுக் கதை. ஊசி இல்லாத 20 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சு மருந்துக் கடையில் கிடைக்கும். குழந்தைக்கு மருந்து கொடுக்க வாங்கிய ஒன்று வீட்டு அலமாரியில் கிடந்தது, உடைந்த கண்ணாடித் துண்டை அதன் மேல் வைத்துப் பார்த்தேன், விட்டம் கிட்டத்தட்ட ஒன்று. எல்லா டேங்குக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது, 22 மி.மீ. டேங்க் என்றால் பார்க்கலாம், கொழுத்த டேங்குக்கு 30 மி.லி. சிரிஞ்சைப் பாருங்கள்.

வெட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. வெட்டு கோணலாகப் போனால் எந்த ஓ-ரிங்கும் காப்பாற்றாது. நேரான விளிம்புள்ள ஒரு தாளைச் சிரிஞ்சின் மேல் சுற்றி, விளிம்பு விளிம்போடு சரியாகச் சேருகிறதா பார்த்து டேப் போடுங்கள். அந்த விளிம்புதான் உங்கள் கோடு. பழைய கண்ணாடியின் உயரத்தைவிட அரை மி.மீ. கூட வைத்து, மெல்லிய ரம்பத்தால் சிரிஞ்சை உருட்டி உருட்டி அறுங்கள், ஒரே பக்கமாக இழுத்தால் சாய்ந்துவிடும். பிறகு சமதளமான கண்ணாடி மேல் நைஸ் உப்புத்தாளை விரித்து, வெட்டிய முனையை எட்டு வடிவில் தேயுங்கள். மிச்சமிருந்த அரை மி.மீ. இதில் போய்விடும். உள் விளிம்பில் நிற்கும் பிசிறைக் கத்தி முனையால் வழித்தெடுங்கள், இல்லையென்றால் அது ஓ-ரிங்கைக் கீறும். கழுவுங்கள், தூள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. அளவுக்கோடுகள் வெளியே அப்படியே இருக்கும், எவ்வளவு குடித்தோம் என்று தோராயமாகத் தெரியும், அது ஒரு போனஸ்.

சிரிஞ்சு பாலிபுரோப்பிலீன், ஜூஸ் அதை ஒன்றும் செய்யாது. பளபளப்பான கெட்டிப் பிளாஸ்டிக் குழாய்கள் அப்படியல்ல, லவங்கப்பட்டை, எலுமிச்சை, சோம்பு வாசனை ஜூஸ் பட்டால் ஒரே நாளில் விரிசல் விடும். புதுக் கண்ணாடி வாங்கும்போது வெளிவிட்டம், உள்விட்டம், உயரம் மூன்றையும் பாருங்கள். பிரிட்டனில் 2016 விதிகளுக்குப் பிறகு டேங்க் 2 மி.லி.க்கு மேல் விற்கக் கூடாது, அதனால் ஒரே பெயரில் இங்கே ஓர் உயரம், வெளிநாட்டுக் கடையில் வேறு உயரம் என்று வரும்.

திருகு

போஸ்ட் திருகுகள் பெரும்பாலும் எம்2, எம்2.5, எம்3 இந்த மூன்றுக்குள் அடங்கும். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றினால் இதே அளவில் கை நிறையக் கிடைக்கும், அந்த ஆசையில்தான் மாட்டிக்கொள்வார்கள். அவை பூச்சு போட்ட இரும்பு, காயிலுக்கு ஒட்டி உட்காரும் இடத்துக்கு ஆகாது. துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும், ரிமோட் கார் உதிரிபாகம் விற்கும் கடைகளில் ஏ2 என்று கேட்டால் தருவார்கள். காந்தத்தில் ஒட்டிக்கொள்கிற திருகை விட்டுவிடுங்கள், ஏ2 அநேகமாக ஒட்டாது.

அதே காந்தம் கம்பிக்கும் உதவும். லேபிள் போன சுருள்கள் எல்லோர் டப்பாவிலும் இருக்கும். காந்தல் ஒட்டும், நைக்ரோம் ஒட்டாது, 316எல் எஃகு ஒட்டாது அல்லது மிக லேசாக இழுக்கும். சுத்த நிக்கலும் ஒட்டும், ஆனால் எதிர்ப்பை அளந்தால் மாட்டிக்கொள்ளும், காந்தலில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

திருகின் தலை மழுங்கிவிட்டால், அகலமான ரப்பர் பேண்டை இடையில் வைத்து அழுத்தித் திருகிப் பாருங்கள். வரவில்லையென்றால் மெல்லிய ரம்பத்தால் தலையில் ஒரு கோடு அறுத்து, தட்டை ஸ்குரூ டிரைவரால் எடுக்கலாம்.

நடு பின்னும் இன்சுலேட்டரும்

மாட் "அட்டமைசர் இல்லை" என்று அடம்பிடித்தால் பத்தில் ஏழு முறை பின் உள்ளே அமுங்கிப்போயிருக்கும், அழுத்தி முறுக்கிய பாவம். கால் சுற்று வெளியே திருப்புங்கள். முனை கறுத்திருந்தால் பென்சில் அழிப்பானால் தேயுங்கள்.

பின்னைச் சுற்றியிருக்கும் பழுப்பு நிற வளையம்தான் இன்சுலேட்டர், பெரும்பாலும் பீக் என்ற பிளாஸ்டிக், 343 டிகிரிக்குத்தான் உருகும். அது உருகிவிட்டது என்றால் யாரோ பஞ்சு இல்லாமல் ரொம்ப நேரம் காயிலைச் சிவக்க விட்டிருக்கிறார்கள். இது சூட்டுப் பக்கம்தான், ஆனாலும் அவசரத்துக்கு ஒரு விதிவிலக்கு: 3டி பிரிண்டரில் வரும் வெள்ளை டெஃப்லான் குழாய், 2 மி.மீ. உள்விட்டம், 4 மி.மீ. வெளிவிட்டம், சில மாடல்களில் பின்னுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். புது பாகம் வரும் வரை, குறைந்த வாட்ஸில், நனைந்த பஞ்சோடு மட்டும் ஓட்டுங்கள். அந்த நிலையில் காயிலைச் சிவக்க விடவே கூடாது. இன்சுலேஷன் டேப், ஒயருக்குப் போடும் சுருங்கு குழாய் எல்லாம் வேண்டாம். மெக்கானிக்கல் மாட் வைத்திருப்பவர் இந்தப் பத்தியையே மறந்துவிடுங்கள், ஒட்டுப்போட்ட இன்சுலேட்டரை அதில் நான் மாட்ட மாட்டேன்.

மாட்டிய பிறகு மீட்டர். காயில் இல்லாமல் ஒரு முனையை நடு பின்னிலும் இன்னொன்றை 510 திருகின் புரியிலும் வையுங்கள், முடிவிலி காட்ட வேண்டும். ஏதாவது எண் வந்தால் அங்கே நிறுத்துங்கள்.

காயில், திரி

0.4 மி.மீ. காந்தல், 3 மி.மீ. டிரில் பிட், 6 சுற்று. கால்களையும் சேர்த்தால் 7.5 செ.மீ. போல வரும், எதிர்ப்பு 0.8 ஓமுக்குக் கொஞ்சம் கூட. முழு சார்ஜில் 4.2 வோல்ட் என்றால் 5 ஆம்பியர், 21 வாட்ஸ், நிதானமான அளவு. மலிவான மீட்டரின் ஒயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும், முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து வருவதைக் கழித்துக்கொள்ளுங்கள். இன்சுலேட்டர் முழுசாக இருந்தால் குறைந்த வாட்ஸில் பட்டனை விட்டு விட்டு அழுத்துங்கள், நடுவிலிருந்து ஓரத்துக்குச் சமமாகச் சிவக்க வேண்டும். ஓரம் மட்டும் முதலில் சிவந்தால் அங்கே திருகு சரியாகப் பிடிக்கவில்லை.

திரிக்குச் சுத்தமான பருத்தி எதுவும் ஓடும். கடைப் பஞ்சு தீர்ந்துவிட்டதா, மருந்துக் கடைக் காட்டன் பேடை எடுத்து, மேலும் கீழும் இருக்கும் அழுத்தமான தோலை உரித்துவிட்டு நடுவிலிருப்பதை எடுங்கள். கொதிக்கவைத்துக் காயவைத்தால் மாவு வாசம் போய்விடும். உறையில் நூறு சதவீதம் பருத்தி என்று இருக்கிறதா பாருங்கள், பாலியெஸ்டர் கலந்தது உருகும். சிகரெட் ஃபில்டரை உரித்துப் போட்ட ஒரு மகானையும் நான் அறிவேன், அது பஞ்சே இல்லை, செல்லுலோஸ் அசிடேட். திரியைக் காயிலுக்குள் இழுக்கும்போது காயில் கோணாமல் லேசான பிடிமானத்தோடு வர வேண்டும். விளக்குத் திரி மாதிரிதான், இறுக்கினால் ஏறாது, கருகிய வாடை தொண்டையைப் பிடிக்கும். இரண்டு வாலையும் டெக்கின் அடியைத் தொடும் நீளத்துக்கு வெட்டி, நுனியைப் பல்குத்தியால் கொஞ்சம் கலைத்துவிட்டு, வாய்க்காலை மூடும்படி படியவிடுங்கள், திணிக்காதீர்கள்.

ஜூஸால் நன்றாக நனைத்து, மூடி, நிரப்பி, 10 நிமிஷம் பொறுங்கள். முதல் இழுப்பு 12 வாட்ஸில். நண்பனின் டேங்கை இப்படி முடித்துக் கொடுத்தபோது அவன் பொறுக்காமல் நேராக 30க்கு ஏற்றிவிட்டு அரை மணி நேரம் இருமிக்கொண்டிருந்தான், அந்தத் திரியைப் பிடுங்கி மறுபடி போட வேண்டியதாயிற்று. ராத்திரி படுக்கப் போகுமுன் டிஷ்யூ மேல் நிறுத்திவிட்டுப் போங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.